பழைய எஞ்சினும் வீட்டில் செய்த டெஸ்ட் ஸ்டாண்டும்: வாசகர் கேள்வி–பதில்

போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) பூட்டிய எஞ்சினை நேராக வண்டியில் ஏற்றி, எண்ணெய் ஒழுகுகிறது என்று மறுநாளே இறக்குவது இரட்டைக் கூலி. தரையில் ஒரு ஸ்டாண்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். இது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: 1489 சி.சி. அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஸ்டாண்ட் செய்ய வேண்டும். என்ன பைப், என்ன அளவு? (கோவை வாசகர்)

ப: 50 × 50 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள இரும்பு ஸ்கொயர் பைப் எடுங்கள். 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். இரண்டு நீளம் வாங்கினால் ரேடியேட்டர் கால்கள் வரை சரியாக வரும். 2 மி.மீ. பைப்பும் எடையைத் தாங்கும்தான். ஆனால் மவுன்ட் போல்ட்டை முறுக்கினால் சுவர் உள்ளே அமுங்கும், அதிர்வில் வெல்டிங்கை ஒட்டி விரிசல் விடும். 3 மி.மீ. பைப்பிலும் போல்ட் ஊடுருவிப் போகும் இடத்தில் உள்ளே ஒரு குழாய்த் துண்டை வைத்து வெல்ட் செய்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பைப் நசுங்காது.

அடிச்சட்டம் 1200 × 750 மி.மீ., குறுக்கே மூன்று பைப். முன்னால் இரண்டு கால்கள், பின்னால் இரண்டு கால்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வுத் தாங்கல். எஞ்சின் உயரத்தைச் சம்பை (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) வைத்து முடிவு செய்யுங்கள்: அதன் டிரெய்ன் பிளக் தரையிலிருந்து 200 மி.மீ. இருந்தால் தட்டு வைத்து எண்ணெய் இறக்கலாம். நின்றுகொண்டே வேலை பார்க்க வசதி என்று இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால், ஆக்சிலரேட்டரைத் தட்டும்போது ஸ்டாண்ட் பக்கவாட்டில் சாயப் பார்க்கும்.

முன் மவுன்ட்டுக்கு வண்டியின் ரப்பரையே போடுங்கள். அம்பாசடரின் இந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சினுக்குப் பின்பக்கத் தாங்கல் கியர்பாக்ஸின் அடியில் இருக்கிறது. கியர்பாக்ஸ் இல்லாமல் ஓட்டுவதானால், பெல் ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடும் கூடு) போல்ட் துளைகளில் கீழே உள்ளவற்றைப் பிடிக்கும்படி 8 மி.மீ. பிளேட் வெட்டி, அதைப் பின் கால்களில் ரப்பர் வைத்து உட்கார வையுங்கள். துளைகளை அட்டையில் அச்செடுத்த பிறகே இரும்பில் குறியுங்கள். செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு, வண்டியில் இருக்கும் அதே சாய்வில், அதாவது பின்பக்கம் சற்றுத் தாழ, நிறுத்திக் கால்களை வெட்டுங்கள். சாய்வு மாறினால் கார்புரேட்டர் மிதவையின் மட்டமும் டிப்ஸ்டிக் காட்டும் அளவும் மாறும். பிற்பாடு வேறு எஞ்சின் ஏற்றும் எண்ணம் இருந்தால் மவுன்ட் பிராக்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் 14 மி.மீ. அகல நீள்துளை போடுங்கள், 12 மி.மீ. போல்ட் போதும்.

எஞ்சின் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டாண்டில் வெல்ட் வைக்காதீர்கள். எர்த் கிளாம்ப் எஞ்சினில் பட்டிருந்தால் கரென்ட் பேரிங் வழியே போய், புது பேரிங் ஷெல்லில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். இடத்தைக் குறித்துக்கொண்டு, எஞ்சினைத் தூக்கிவிட்டு, பிறகு வெல்டிங்.

கே: கியர்பாக்ஸ் இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரை எங்கே மாட்டுவது? (மதுரை வாசகர்)

ப: எஞ்சினைப் பொறுத்தது. பி-சீரிஸில் செல்ஃப் மோட்டார் எஞ்சினின் பின் பிளேட்டிலேயே உட்காரும், கவலையில்லை. செல்ஃப் பெல் ஹவுசிங்கில் உட்காரும் எஞ்சின்களுக்கு, காலி பெல் ஹவுசிங் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டுவதே நல்லது. பிளேட்டில் நீங்களாகத் துளை போட்டால் பினியனுக்கும் (செல்ஃபின் சிறு பல்சக்கரம்) ரிங் கியருக்கும் (ஃப்ளைவீல் விளிம்பின் பல் வளையம்) உள்ள இடைவெளி அரை மி.மீ. தவறினாலும் பல் உடையும்.

எப்படி இருந்தாலும் ஃப்ளைவீலைச் சுற்றி 3 மி.மீ. தகட்டில் மூடி போடுங்கள். கிளட்ச் பிளேட்டைக் கழற்றி வையுங்கள். ஃபேன் இதழ்களும் ஃப்ளைவீலும் சுழலும் தளத்தில், அதாவது அவற்றுக்கு நேர் பக்கவாட்டில், ஓடும்போது யாரும் நிற்கக் கூடாது. அறுபது ஆண்டு பழைய ஃபேன் இதழில் ரிவெட்டை ஒட்டி முடியளவு விரிசல் இருப்பது சாதாரணம். மாட்டும் முன் தேய்த்துக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள்.

கே: ஐட்லிங்கில் ஸ்டாண்ட் அசையாமல் நிற்கிறது. 1,800 ஆர்.பி.எம். வந்ததும் கேஜ் எதையும் படிக்க முடியாதபடி நடுங்குகிறது. அதைத் தாண்டினால் அடங்குகிறது. வீல் வைத்த ஸ்டாண்ட், தரையில் நகரவும் செய்கிறது. (சேலம் வாசகர்)

ப: இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மேலும் கீழுமாக ஓர் உதறல் உண்டு. எவ்வளவு நன்றாக பாலன்ஸ் செய்தாலும் அது போகாது. 1,800 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 30 சுற்று, அதாவது 60 உதறல். உங்கள் மீட்டர் போர்டைத் தாங்கும் ஒற்றைக் கால் நொடிக்கு 60 முறை ஆடும் இயல்புள்ளதாக அமைந்துவிட்டது, அந்த வேகத்தில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. கையால் பிடித்துப் பாருங்கள். எந்தத் துண்டைப் பிடித்ததும் நடுக்கம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. அதற்கு ஒரு சாய்வுத் தாங்கல் வெல்ட் செய்தால் அதன் ஆட்டம் எஞ்சின் எட்டாத வேகத்துக்குப் போய்விடும். இன்னும் நல்ல வழி, மீட்டர் போர்டை ஸ்டாண்டிலிருந்தே பிரித்துத் தனிக் காலில் வைப்பது. ஒன்றரை மீட்டர் வயரும் ஆயில் கேஜுக்கு வளையும் ஹோஸும் போதும். ஓட்டுபவரும் சூட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி நிற்கலாம்.

நகர்வதற்குக் காரணம் வீல். பிரேக் வைத்த காஸ்டரும் அதன் முள்ளில் ஆடத்தான் செய்யும். காஸ்டர்கள் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போக மட்டுமே. ஓட்டும் முன் நான்கு மூலையிலும் 16 மி.மீ. திருகு ஜாக்கை இறக்கி வீல்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். திருகின் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

கே: செல்ஃப் அடித்தபோது ஆக்சிலரேட்டர் கேபிள் புகைந்து உருகிவிட்டது. ஏன்? (திருச்சி வாசகர்)

ப: பேட்டரி எர்த்தை ஸ்டாண்டின் ஃப்ரேமில் கொடுத்திருப்பீர்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஃப்ரேமில் பெயின்ட். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு, இருநூறு ஆம்பியருக்கு எஞ்சினையும் ஃப்ரேமையும் இணைக்கும் ஒரே உலோகப் பாதை அந்த மெல்லிய கேபிள்தான். உலோகப் பெட்ரோல் பைப் அந்த இடத்தில் இருந்திருந்தால் அது சூடாகியிருக்கும். கேபிளோடு போனது நல்லகாலம்.

பேட்டரி எர்த்தை 35 சதுர மி.மீ. கேபிளில் நேராக எஞ்சின் பிளாக்கில், செல்ஃப் மோட்டார் போல்ட்டிலேயே கொடுங்கள். அங்கே பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். ஃப்ரேமுக்குத் தனியாக ஒரு சிறு வயர் போதும். சரிபார்க்க மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அருமை. 0.5 தாண்டினால் இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே எர்த்தில் கொடுப்பது) உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். டைனமோ உள்ள எஞ்சினில் அதன் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் பேட்டரியோடு இணைக்காமல் ஓட்டவே கூடாது, டயோடு போய்விடும்.

மெயின் ஸ்விட்ச் தனி, அவசர ஸ்விட்ச் தனி. தட்டினால் அணையும் சிவப்புக் காளான் ஸ்விட்ச் ஒன்றை இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் சேர்த்துப் போடுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது இக்னிஷனை ஆனில் விட்டுவிட்டுப் பேசப் போய்விடாதீர்கள். பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரென்ட்டைத் திறந்து மூடும் தொடுமுனை) மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியே 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் வெந்துவிடும்.

கே: பெட்ரோலுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிடலாமா? எவ்வளவு உயரம் வேண்டும்? (புதுச்சேரி வாசகர்)

ப: பாட்டில் வேண்டாம். மூடியும் அடியில் டேப்பும் உள்ள 5 லிட்டர் உலோக டாங்க் வையுங்கள். கார்புரேட்டரைவிட 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.6 பி.எஸ்.ஐ. ஐட்லிங்கிலிருந்து 2,500 ஆர்.பி.எம். வரை லோடு இல்லாமல் ஓட்ட இது தாராளம், மிதவை ஊசியையும் தள்ளித் திறக்காது. எஞ்சினிலேயே மெக்கானிகல் பம்ப் இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் டாங்கைக் கீழே இறக்கி, பம்ப் இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்பாசடர் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. மிதவை நிரம்பி வழிந்தால் பெட்ரோல் நேராகச் சூடான மேனிஃபோல்டில்தான் சொட்டும். எனவே இடையில் ஒரு தகட்டைக் கொடுத்து, அதன் ஓரத்தை மடித்து வெளிப்பக்கம் வடியும்படி சாய்த்து வையுங்கள். டாங்க் மறுபக்கம் இருக்கட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி மெத்தென்று ஆகி, உள்சுவர் உரிந்து, கறுப்புத் துகளாக ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தீயணைக்கும் டிரை பவுடர் சிலிண்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் அல்ல, நீங்கள் ஓடிவரும் வழியில் இருக்க வேண்டும்.

கே: மழைக்காலத்தில் ஷெட்டுக்குள் ஓட்டலாமா? புகைக்குழாயை ஜன்னல் வழியே வெளியே விடுவேன். (கன்னியாகுமரி வாசகர்)

ப: மூன்று பக்கம் திறந்த கொட்டகை என்றால் சரி. கதவும் ஜன்னலும் மட்டும் உள்ள ஷெட் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. முதல் ஓட்டத்தில் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிவதும் சகஜம். குழாய் வெளியே போனாலும் கசிவு உள்ளேதான் வரும்.

கே: போர் போட்ட எஞ்சினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும் முறை என்ன? செல்ஃப் அடித்துப் பார்த்தேன், ஆயில் பிரஷர் கேஜ் அசையவே இல்லை. (திருநெல்வேலி வாசகர்)

ப: நிறுத்தியது நல்ல காரியம். இந்த நேரத்தில் ஒரு நிமிடம் ஓட்டினாலும் பேரிங் போய்விடும்.

கொஞ்ச நாள் சும்மா கிடந்த ஆயில் பம்ப் உள்ளே காய்ந்திருக்கும். காய்ந்த கியர் காற்றைத்தான் சுற்றும், எண்ணெயை இழுக்காது. சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில் மெஷினால் பம்பைச் சுற்றலாம். பி-சீரிஸில் பம்புக்குக் கேம் ஷாஃப்டிலிருந்து (வால்வுகளை இயக்கும் தண்டு) தனி டிரைவ், அதனால் அந்த வழி இல்லை. அதற்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கை ஸ்பிரேயர் அருமையாக உதவும். மருந்து படாத புது ஸ்பிரேயர் வாங்குங்கள். கையேடு சொல்லும் எண்ணெய் அளவில் பாதியைச் சம்பில் ஊற்றி, மீதிப் பாதியை ஸ்பிரேயரில் ஊற்றுங்கள். 20டபிள்யூ-50 எண்ணெய் கெட்டியானது, ஸ்பிரேயரை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். நாசிலைக் கழற்றி, ஹோஸை பிளாக்கில் ஆயில் கேஜ் மாட்டும் துளையில் இணையுங்கள். ராக்கர் மூடியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, 2 முதல் 3 பார் வரை பம்ப் அடித்து ஸ்பிரேயரின் வால்வைத் திறந்து, ஒருவர் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முதலில் உள்ளே காற்று கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். சத்தம் அடங்கி, ராக்கர் புஷ்களின் ஓரத்தில் எண்ணெய் மணியாகத் திரண்டு வழிந்தால் எண்ணெய் வழி முழுதும் நிரம்பிவிட்டது. சில எஞ்சின்களில் கேம் ஷாஃப்டின் துளை நேர்படும்போதுதான் ராக்கருக்கு எண்ணெய் ஏறும். அதனால் சுற்றுவதை நிறுத்தாதீர்கள்.

இணைக்கும்போது மரையைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் எஞ்சினில் அந்தத் துளை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை), அங்குலத்துக்கு 28 மரை. கடையில் கிடைக்கும் பல கேஜ் ஃபிட்டிங் 1/8 என்.பி.டி. (அமெரிக்கப் பைப் மரை), 27 மரை. இரண்டு, மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். அதை இறுக்கி முடித்துவிட்டதாக நினைத்தால் சூட்டில் எண்ணெய் பீய்ச்சும்.

இத்தனை செய்தும் செல்ஃபில் பிரஷர் வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் திறப்பது) பிஸ்டன் திறந்தபடி சிக்கியிருக்கிறதா, சம்பிலிருந்து உறிஞ்சும் குழாயின் கேஸ்கெட்டில் காற்று போகிறதா, பிளாக்கைக் கழுவும்போது கழற்றிய ஆயில் கேலரி பிளக் திரும்பப் போடப்பட்டதா. கடைசியாகச் சொன்னது டைமிங் கவரை மூடிய பிறகு வெளியில் தெரியவே தெரியாது.

பிளக் இல்லாமல் செல்ஃபை 10 நொடி அடித்து, அரை நிமிடம் ஆறவிட்டு, மறுபடி அடியுங்கள். கேஜ் 15 பி.எஸ்.ஐ. அளவைக் காட்டிய பிறகே பிளக் மாட்ட வேண்டும். அடுத்தது டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட் பல்பு போட்டு இக்னிஷனை ஆன் செய்தால், பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். புல்லியில் குறி அழிந்திருந்தால் கணக்குப் போடலாம்: 125 மி.மீ. விட்டமுள்ள புல்லியின் விளிம்பில் ஒரு டிகிரி சுமார் 1.1 மி.மீ. புல்லி நிற்பது முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷன் டாப் சென்டரில்தானா (பிஸ்டன் வாயுவை அழுத்தி உச்சிக்கு வந்த நிலை) என்று இரண்டு வால்வும் மூடியிருப்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். எக்ஸாஸ்ட் டாப் சென்டரில் வைத்துவிட்டால் கார்புரேட்டர் வழியே தீ துப்பும். ஃபயரிங் வரிசை 1-3-4-2.

ஓடியதும் கண் ஆயில் கேஜில், கை அவசர ஸ்விட்ச்சில். ஐந்து நொடிக்குள் முள் எழாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

கே: ஸ்டாண்டிலேயே பத்து மணி நேரம் ஓட்டி ரன்னிங்-இன் (புதுப் பாகங்கள் இழைந்து படியும்படி ஓட்டுவது) முடித்துவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: கூடாது. நல்ல எண்ணத்தில் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளும் வேலை இது. பிஸ்டன் ரிங் போரோடு இழைவதற்கு, எரிந்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். லோடு இல்லாமல் அந்த அழுத்தம் வராது. மணிக்கணக்கில் ஐட்லிங் ஓடினால் ஹோனிங் கோடுகள் (சிலிண்டர் சுவரில் கல்லால் இழைத்த நுண் கோடுகள்) தேயும் முன்பே அவற்றின் மேல் எண்ணெய் வெந்து கண்ணாடி போல் படியும். பிறகு அந்த எஞ்சின் காலமெல்லாம் எண்ணெய் குடிக்கும், மறுபடி ஹோனிங் செய்வது தவிர வழியில்லை.

பழைய கேம் ஷாஃப்ட், பழைய டேப்பட் (கேம் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் துண்டு) என்றால் இரண்டு, மூன்று முறையாக மொத்தம் 20 நிமிடம் போதும். கசிவு, சத்தம், பிரஷர், சூடு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மீதி ரன்னிங்-இன் சாலையில்.

புது கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் போட்டிருந்தால் சட்டம் தலைகீழ். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் உடனே 2,000க்கு ஏற்றி, 1,800க்கும் 2,500க்கும் இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடும்போது கேம் மேல் தெறிக்கும் எண்ணெய் குறைவு, அதன் மூக்கில் ஸ்பிரிங் அழுத்தமோ அதிகம். முதல் சில நிமிடங்களிலேயே மூக்கு தேய்ந்துவிடும். எனவே டைமிங், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும்படி தயாராக இருக்க வேண்டும். தட்டை டேப்பட் எஞ்சினுக்குத் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள மினரல் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

கே: மோரிஸ் மைனர் 948 சி.சி. எஞ்சின். வண்டியில் சூடாகாதது ஸ்டாண்டில் பத்தே நிமிடத்தில் கொதிக்கிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: ரேடியேட்டரை எந்த உயரத்தில் வைத்தீர்கள்? வண்டியில் ரேடியேட்டர் மூடிக்கும் தெர்மோஸ்டாட் கூட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து, ஸ்டாண்டிலும் அதையே கொடுங்கள். ஹெட்டைவிட மூடி தாழ்ந்திருந்தால் ஹெட்டுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் நிரம்பித்தான் தெரியும், ஹெட்டில் தண்ணீர் இருக்காது. தெர்மோஸ்டாட் தட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அந்தத் துளை மேற்பக்கம் வரும்படி மாட்டினால் நிரப்பும்போதே காற்று வெளியேறும்.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ரேடியேட்டர் முகத்தில் ஒரு தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போன சூடு திரும்ப வரும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மங்கலாகச் சிவந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை. டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது. இன்னொரு சோதனை: எஞ்சின் ஆறியிருக்கும்போது கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, முதல் நிமிடத்தில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்.

துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளப்பவர்கள் அளக்கும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கல் கறுப்புப் பெயின்ட் பூசுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது உள்ளதைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

கே: இன்லெட் மேனிஃபோல்டில் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் 13 அங்குலம் (பாதரசம்)தான் காட்டுகிறது. புத்தகத்தில் 17 முதல் 21 என்று இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா? (உதகமண்டலம் வாசகர்)

ப: பிரிக்க வேண்டாம். புத்தகக் கணக்கு கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடிக்கு சுமார் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். உதகை 2,240 மீட்டர், 7,300 அடிக்கு மேல். உங்கள் ஊரில் 10 முதல் 14 வரை நல்ல அளவு.

எண்ணைவிட முள்ளின் ஆட்டம்தான் அதிகம் சொல்லும். ஆடாமல் நின்று இரண்டு, மூன்று அங்குலம் குறைந்திருந்தால் டைமிங் பின்தங்கல். சீரான இடைவெளியில் ஒரே அளவு இறங்கி ஏறினால் ஒரு வால்வு உட்காரவில்லை. ஐட்லிங்கில் நன்றாக நின்று, வேகம் ஏற ஏற முள் படபடத்தால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

கே: இதே ஸ்டாண்டில் குதிரைசக்தி அளக்க முடியுமா? (ஈரோடு வாசகர்)

ப: தத்துவம் எளிது. எஞ்சின் தண்டை ஒரு பிரேக்கால் பிடித்து, பிரேக் கூடவே திரும்பாதபடி அதிலிருந்து நீளும் கையை (நெம்புகோலை) தராசில் ஊன்றினால் முறுக்கம் தெரியும். பிரெஞ்சுப் பொறியாளர் பிரோனி 1821இல் மரக்கட்டையால் செய்ததும், ஆங்கிலப் பொறியாளர் ஃப்ரூட் 1877இல் தண்ணீரால் செய்ததும் இதுதான். அரை மீட்டர் கை, தராசில் 10 கிலோ, 2,000 ஆர்.பி.எம். என்றால் முறுக்கம் 49 நியூட்டன் மீட்டர், சக்தி 10.3 கிலோவாட், ஏறத்தாழ 14 குதிரைசக்தி.

சிக்கல் சூடு. அந்த 10.3 கிலோவாட்டும் பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் பத்து நிமிடத்துக்குள் கொதித்துவிடும். தண்ணீரின் சூடு இருப்பதைவிட 30 டிகிரிக்கு மேல் கூடாமல், அதாவது 60 டிகிரியைத் தாண்டாமல் வைக்க நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இது வெறும் 14 குதிரைசக்திக்கு. முழு ஆக்சிலரேட்டரில் இதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அந்த முறுக்கத்தை எதிர்த்து நிற்க ஸ்டாண்டைக் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு இறக்க வேண்டும், இணைக்கும் ஷாஃப்டுக்கு மூடி வேண்டும். வீட்டு ஸ்டாண்டில் இதற்கு இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எஞ்சின் சூடானதும் எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு சிலிண்டருக்குள்ளும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் வண்டியில் ஏற்றலாம்.

கே: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 எஞ்சினுக்கும் இதே ஸ்டாண்ட் உதவுமா? (சென்னை வாசகர்)

ப: திருவொற்றியூரில் செய்த அந்த 346 சி.சி. எஞ்சினில் கியர்பாக்ஸ் தனி. கிக்கர் கியர்பாக்ஸில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாட்ட வேண்டும். வண்டியின் முன், பின் எஞ்சின் பிளேட்டுகளையே எடுத்து, அவை உட்காரும்படி 10 மி.மீ. தகட்டில் தாங்கல் செய்யுங்கள். ஹெட்டைப் பிடிக்கும் தாங்கலையும் விடாதீர்கள். ஒற்றை சிலிண்டர் உதறல் நான்கு சிலிண்டரைவிட மோசம், லேசான ஸ்டாண்ட் துள்ளும். தரையில் போல்ட் போடுவது நல்லது.

நாள்பட நின்ற புல்லட்டில் எண்ணெய் கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் அதை வடித்துவிடாவிட்டால் முதல் பத்து நிமிடமும் வெள்ளைப் புகைதான், ரிங் போய்விட்டது என்று தவறாக நினைப்பீர்கள். ஓடும்போது ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (எண்ணெய் போக உள்ளே துளையுள்ள போல்ட்) ஒரு சுற்றுத் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். காற்றில் ஆறும் எஞ்சின் என்பதால் நேர் முன்னால் பெரிய ஃபேன் கட்டாயம்.

கே: லிஸ்டர் வகை 6 குதிரைசக்தி டீசல் எஞ்சினை ஸ்டாண்டில் ஓட்டும்போது கவனிக்க வேண்டியது? (நாகர்கோவில் வாசகர்)

ப: மேலே சொன்ன சிவப்பு ஸ்விட்ச் டீசலுக்குப் பயன்படாது. 650 ஆர்.பி.எம்.முக்குச் செய்த கனமான ஃப்ளைவீல் கொண்ட எஞ்சின் அது. கவர்னர் (வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாகம்) சிக்கினாலோ, எண்ணெய் காற்றுவழியில் இழுபட்டாலோ கட்டுக்கடங்காமல் ஓடும், ஃப்ளைவீல் உடையும் அளவுக்குப் போகலாம். டீசலை நிறுத்தினாலும் சம்ப் எண்ணெயிலேயே ஓடும். காற்றை அடைப்பதுதான் நிச்சயமான வழி. காற்று நுழையும் வாயைவிடப் பெரிதாக, கைப்பிடி வைத்த 6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைத் தயாராக வைத்து, ஃப்ளைவீல் தளத்துக்கு வெளியே நின்று அடையுங்கள். துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைக்கவே கூடாது.

கே: ஸ்டாண்டில் நன்றாக ஓடியது. வண்டி பாடி வேலை முடிய மூன்று மாதம் ஆகும். எஞ்சினை எப்படி வைப்பது? (காரைக்குடி வாசகர்)

ப: முழுதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டின் வரிசையில், டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். இறுக்கினால் டேப்பட் இடைவெளி குறையும், அதனால் டேப்பட்டை அதன் பிறகுதான் வைக்க வேண்டும். சோதனைக்கு ஊற்றிய வெறும் தண்ணீரை ரேடியேட்டரிலிருந்து மட்டுமல்ல, பிளாக்கின் பக்கத்தில் உள்ள டேப்பிலிருந்தும் இறக்குங்கள். டேப்பைத் திறந்தும் வராவிட்டால் உள்ளே சேறு, கம்பியால் குத்துங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கக் கூடாது. முதல் ஓட்டத்து எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பூட்டும்போது விழுந்த தூசும் தேய்ந்த துகளும் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஸ்பேனரால் நான்கு சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். இன்லெட், எக்ஸாஸ்ட் வாய்களைக் கண்ணைப் பறிக்கும் சிவப்புத் துணியால் அடைத்து, ஒரு முழம் வெளியே தொங்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மேனிஃபோல்டை மாட்டுபவர் வேறு ஆளாக இருந்தாலும் அது அவர் கண்ணில் படும்.